பழைய டப்பாவுக்குள் ஒரு ஐஸ் ஃபேக்டரி

கூடத்துத் தரையில் பழைய பாயை விரித்து, அதன் மேல் கம்ப்யூட்டரைப் படுக்க வைத்திருந்தோம். பக்கத்துத் தகட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்தாகிவிட்டது. என் வீட்டுக்காரர் ஏழுமலை செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை. அடுப்பில் நெத்திலிக் குழம்பு தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. எழுந்துபோய்த் தணலைக் குறைக்கக்கூட எனக்கு மனசு வரவில்லை.

பொத்தானை அழுத்தினேன். ஃபேன் சுற்றியது. அப்பாடா என்று நிமிர்வதற்குள் உள்ளேயிருந்து நீளமாக ஒரு பீப். கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் ஒரு பீப். திரை கறுப்பாகவே இருந்தது.

"இன்னாமே, பூடுச்சா?" என்றார் ஏழுமலை.

புதிதாகப் போட்ட இரண்டு ரேம் பட்டைகளையும் கழற்றிவிட்டு, முன்பு இருந்த பழையதையே திரும்பச் செருகினேன். மறுபடி அழுத்தினேன். அதே பீப்.

நேற்றுவரைக்கும் ஓடிய பட்டையே இன்று ஓடவில்லை. அப்படியென்றால் மதர்போர்டையே கொன்றுவிட்டேன் என்றுதானே அர்த்தம்.

ஒரு கம்ப்யூட்டர் கெட்டுப்போனதற்கு இவ்வளவு பதற்றமா என்று கேட்பீர்கள். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இரும்புக்கு ஆயுசு குறைவான ஊர்

எர்ணாவூரில் நான் டிராயிங் போட்டுக்கொண்டிருந்த கம்பெனி ஒரகடம் பக்கம் இடம் மாறியதைப் போன அத்தியாயத்தில் எழுதியிருந்தேன். திருவொற்றியூரில் இருந்துகொண்டு தினமும் ஒரகடம் போய்வந்தால், வீட்டில் தூங்க மட்டும்தான் நேரம் இருக்கும். ஏழுமலை துறைமுகத்துக்கு கன்டெய்னர் வண்டி ஓட்டுகிறவர். எண்ணூர் ரோட்டில் வண்டி வரிசையில் மாட்டிக்கொண்டால் எப்போது வீடு வருவார் என்று அவருக்கே தெரியாது. எங்கள் பெண்ணோ பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். யாராவது ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும் என்று நான் வேலையிலிருந்து நின்றுவிட்டேன்.

கிளம்புகிற அவசரத்தில் கம்பெனி பழைய கம்ப்யூட்டர்களை எங்களுக்கே மலிவாகக் கொடுத்தது. நான் வேலை செய்துகொண்டிருந்ததையே கேட்டு வாங்கிக்கொண்டேன். அதன் நெற்றியில் நான் ஒட்டிய பிள்ளையார் ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

அந்த மெஷின் ஏசி அறையில் வளர்ந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போக வேண்டும். டீ கொண்டு போனால் மேனேஜர் முறைப்பார். அப்படிச் சொகுசாக இருந்ததைக் கொண்டுவந்து கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஜன்னலோரமாக வைத்தால் என்ன ஆகும்.

எங்கள் பக்கம் இரும்புக்கு ஆயுசு குறைவு. ஜன்னல் கம்பிக்குப் பொங்கலுக்குப் பொங்கல் பெயின்ட் அடித்தாலும் ஆடி மாதம் உரிந்துவிடும். காற்று வடக்கிலிருந்து அடித்தால் அனல்மின் நிலையத்துச் சாம்பல் கொடியில் காயும் துணிமேல் படியும். அந்த உப்பும் அந்தச் சாம்பலும் கம்ப்யூட்டருக்குள்ளும் போகும். மாதம் ஒருமுறை பெயின்ட் பிரஷ் வைத்துத் தட்டிவிடுவேன். அதற்குமேல் நான் எதுவும் செய்ததில்லை.

அதுவும் குறை வைக்காமல் உழைத்தது. கேட், கிரில், மாடிப்படி, தகரக் கொட்டகை என்று உள்ளூர் பட்டறைகள் கொடுத்த சின்னச் சின்ன வேலைகளை எல்லாம் அதில்தான் முடித்தேன். சின்ன வேலைகளாகவே வந்துகொண்டிருந்ததில் எனக்குத்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சோர்வு தட்டியது. ஒரு காலத்தில் முழு ஆலைக்கே பைப் டிராயிங் போட்டவள், இப்போது மாடிப்படிக் கைப்பிடிக்கு மூன்று விதமாகப் பூ வரைந்து காட்டிக்கொண்டிருந்தேன்.

முனாஃப் பாய் கொண்டுவந்த வேலை

அந்தச் சமயத்தில்தான் முனாஃப் பாய் போன் செய்தார். கம்பெனியில் எனக்குப் பக்கத்து மேஜைக்காரர். தண்டையார்பேட்டையில் வீடு. கம்பெனி போனபிறகு வீட்டுக்குக் கீழேயே ஓர் அறை எடுத்து, இரண்டு கம்ப்யூட்டர் போட்டு, வெளி வேலைகளை வாங்கிச் செய்கிறார். ரம்ஜானுக்கு எங்கள் வீட்டுக்கு பிரியாணி வரும். பொங்கலுக்கு அவர் வீட்டுக்குக் கரும்பு போகும்.

நெட்டுக்குப்பம் போகிற வழியில் ஒருவர் ஐஸ் ஃபேக்டரி கட்டுகிறார், அதற்கு, ஐஸை உறையவைக்கிற அம்மோனியா கேஸ் ஓடும் பைப் லைன் மொத்தமும் நான் வரைய வேண்டும் என்றார். அவருடைய இரண்டு மெஷினிலும் வேறு வேலைக்கு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். வரைவது மட்டும் இல்லை, கட்டடம், மெஷின், பைப் மூன்றின் டிராயிங்கையும் கம்ப்யூட்டரில் ஒன்றாகச் சேர்த்துத் திறந்து, எதுவும் எதனோடும் இடிக்கவில்லை என்று பார்த்துச் சொல்வதும் என் பொறுப்பு.

"இது நல்லபடியா முடிஞ்சா, இனிமே வர்ற பிளான்ட் வேலை எல்லாம் உங்களுக்குத்தான் கலாம்மா," என்றார்.

பைப்பை வரைந்துவிட்டேன். அதில் ஒரு சிரமமும் இல்லை. கட்டடத்தைத் தனியாகத் திறந்தால் கம்ப்யூட்டர் திறந்தது. மெஷின்களைத் தனியாகத் திறந்தாலும் திறந்தது. மூன்றையும் சேர்த்தால்தான் வந்தது வினை. வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். மவுஸ் நகராது. கடைசியில் திரை நீலமாகி, தானாக அணைந்து, தானாக எழுந்து, ஒன்றுமே நடக்காதது போலப் பிள்ளையார் ஸ்டிக்கரோடு என்னைப் பார்க்கும்.

முனாஃப் பாயிடம் சொன்னேன். அவருடைய ஆள் சாப்பிடப் போகிற நேரத்தில் வரச்சொல்லி, அவர் மெஷினில் என் ஃபைலைத் திறந்து காட்டினார். திரையின் ஓரத்தில் இன்னொரு ஜன்னலைத் திறந்து வைத்து, கம்ப்யூட்டரின் எந்த உறுப்பு எவ்வளவு உழைக்கிறது என்று இருவரும் பார்த்தோம். ரேம் கழுத்துவரை நிரம்பியது. ஹார்ட் டிஸ்க் இடைவிடாமல் ஓடியது. கிராபிக்ஸ் கார்டு பாதிக்குமேல் சும்மாவே இருந்தது.

அதைப் பார்த்ததும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. நான் மனசுக்குள் ஒரு கிராபிக்ஸ் கார்டுக்குத்தான் ஆசைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

விளக்கு போட்ட கார்டு

ஏழுமலையும் நானும் பேசி ஒதுக்கியது பத்தாயிரம் ரூபாய். அதற்கு மேல் போனால் பெண்ணின் பள்ளிக்கூடப் பணத்தில் கை வைக்க வேண்டும்.

மெட்ரோ பிடித்து அரசினர் தோட்டத்தில் இறங்கி, கம்ப்யூட்டர் சாமான் விற்கிற ரிச்சி தெருவுக்குப் போனேன். அந்தத் தெருவில் நடந்தால் யாராவது கையைப் பிடித்து இழுக்காத குறையாக, என்ன வேணும் மேடம், என்ன வேணும் மேடம் என்று கேட்டுக்கொண்டே வருவார்கள். முதல் கடையில் நான் மெஷினின் வயசைச் சொன்னதும் அந்தப் பையனுக்கு முகம் இரக்கமாகிவிட்டது. அது பழைய போர்டு, அதற்குச் செலவு செய்வது தண்டம், போர்டு, புராசஸர், ரேம் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள் என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. கையில் அதற்கான பணம் இல்லை, அவ்வளவுதான்.

பக்கத்துக் கடையில் ஒரு கிராபிக்ஸ் கார்டை ஓடவிட்டு வைத்திருந்தார்கள். உள்ளே மூன்று ஃபேன் சுற்ற, ஓரமெல்லாம் ஊதாவும் பச்சையுமாக விளக்கு மின்னியது. பழைய மாடல் ஒன்று என் பட்ஜெட்டுக்குள் வரும் என்றார் கடைக்காரர். அதை வாங்கினால் வேறெதுவும் வாங்க முடியாது. ஆனாலும் நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். டிராயிங்கை அப்படியே வழவழவென்று திருப்பிப் பார்க்கலாமே என்று கை ஊறியது.

"டிசைன் வேலைக்கு கார்டு இல்லாம எப்படி மேடம்?" என்றார் அவர்.

"என் மெஷினுக்குப் படம் நல்லாத் தெரியுதுங்க. உள்ள இடம் பத்தாமதான் மூச்சு முட்டுது," என்றேன். அவருக்குச் சொன்ன பதில் எனக்கே சொல்லிக்கொண்டது போல இருந்தது. அப்புறம்தான் கால் நகர்ந்தது.

என் போர்டுக்குப் பொருந்தும் ரேம் இப்போது புதிதாக வருவது குறைவு. ஒரு மாடிக் கடையில் பழையது கிடைத்தது. முன்பு இருந்ததைப் போல இரண்டு மடங்கு. கடைக்காரர் தன் மெஷினில் செருகி, ஓடுவதைக் காட்டிவிட்டுத்தான் கொடுத்தார். அடுத்து ஹார்ட் டிஸ்க்கோடு சேர்த்துப் போட, அதைவிட வேகமான ஓர் எஸ்.எஸ்.டி. பெரியதற்கு ஆசைப்பட்டு, சின்னதை எடுத்தேன். பழைய வேலைகள் எல்லாம் பழைய டிஸ்க்கிலேயே இருக்கட்டும், நடக்கிற வேலைக்கு மட்டும் இது போதும்.

சின்னதை எடுத்ததற்குக் காரணம் உண்டு. மிச்சப் பணத்தில் நல்ல எஸ்.எம்.பி.எஸ். வாங்க வேண்டும் என்று முனாஃப் பாய் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சுவரிலிருந்து வருகிற கரண்டை வாங்கி ஒவ்வோர் உறுப்புக்கும் பிரித்துக் கொடுக்கிற பெட்டி அது. எங்கள் ஏரியா கரண்ட் ஏறும், இறங்கும். அந்தப் பெட்டி போனால் தனியாகப் போகாது, பக்கத்தில் இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகும் என்றார். வெளியே எடுத்துக் காட்டி யாரிடமும் பெருமைப்பட முடியாத சாமான். அதற்குத்தான் நான் அன்று அதிகம் கொடுத்தேன். மலிவானதையும் இதையும் இரண்டு கையில் தூக்கிப் பார்த்தபோதே கனத்தில் வித்தியாசம் தெரிந்தது.

திரும்பி வரும்போது மெட்ரோவில் உட்கார இடம் கிடைத்தது. பையை மடியில் வைத்துக்கொண்டு, அந்த விளக்கு போட்ட கார்டையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

உப்பு

ஆக, ஞாயிற்றுக்கிழமை காலையில் பீப் அடித்துக்கொண்டிருந்தது இத்தனைக்கும் சேர்த்துத்தான்.

இதற்கிடையில் கட்டடம் கட்டுகிற இன்ஜினியர் முதல்நாள் சாயங்காலம்தான் திருத்திய கட்டட ஃபைலை அனுப்பியிருந்தார். பெரிய மாற்றம் எதுவும் இல்லை, தண்ணீர்த் தொட்டிக்காக ஒரு தூண் கூடியிருக்கிறது என்று எழுதியிருந்தார். திங்கட்கிழமை காலை பைப் வெட்ட ஆள் வருகிறது. அதற்குள் நான் எல்லாவற்றையும் சேர்த்துத் திறந்து பார்த்து, சரி என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இந்த வேலை அம்பத்தூரில் வேறொருவருக்குப் போகும் என்று ஓனர் சொல்லியிருந்தாராம்.

ஏழுமலை செல்போன் வெளிச்சத்தை அணைத்தார். பிறகு, வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டால் இன்ஜினைப் பிரிப்பதற்கு முன்னால் பேட்டரி முனையைத் துடைத்துப் பார்ப்போம், பச்சை பூத்திருக்கும், இதில் அந்த மாதிரி ஏதாவது இருக்குமா என்று கேட்டார்.

ரேம் பட்டையின் அடியில் தங்க நிறத்தில் வரிசையாகப் பல் இருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். பழைய பட்டையில் அந்தப் பல் எல்லாம் மங்கிக் கிடந்தது. அது உட்கார்ந்திருந்த பள்ளத்தில் வெள்ளையும் சாம்பலுமாக ஏதோ படிந்திருந்தது. இத்தனை வருஷமாக ஒரே இடத்தில் அசையாமல் இருந்ததால் ஓடியிருக்கிறது. நான் பிடுங்கி அசைத்ததும் பிடிப்பு விட்டுப்போயிருக்கிறது.

பெண்ணின் ஜியாமெட்ரி பெட்டியிலிருந்து அழி ரப்பரை எடுத்தேன். கடையில் வாங்கி வந்த பட்டைகளின் பற்களை, பேப்பரில் பென்சில் கோட்டை அழிப்பது போல மெதுவாகத் தேய்த்தேன். பள்ளத்தைச் சின்ன பிரஷ்ஷால் திரும்பத் திரும்பப் பெருக்கினேன். ஏழுமலை வாயால் ஊதப் போனார். எச்சில் படும் என்று தடுத்தேன். சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்பைக் கொண்டுவந்து, அதன் முனையைப் பள்ளத்துக்கு நேரே பிடித்து அடித்தார். பொடியாகப் பறந்தது.

பட்டைகளைச் செருகினேன். இரண்டு பக்கமும் க்ளிக் என்று கடித்துக்கொண்டது.

பொத்தானை அழுத்திவிட்டுக் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். ஃபேன் சத்தம் கேட்டது. பீப் வரவில்லை. ஏழுமலை என் முழங்கையைத் தொட்டார். திரையில் எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன.

அன்று குழம்பு அடிபிடித்துவிட்டது. யாரும் குறை சொல்லவில்லை.

தூணுக்குப் பின்னால்

எஸ்.எஸ்.டி.யில் எல்லாவற்றையும் ஏற்றி முடித்து, மூன்று ஃபைலையும் சேர்த்துத் திறக்கச் சொல்லிவிட்டு, சாப்பிட உட்கார்ந்தேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து பார்த்தால், ஐஸ் ஃபேக்டரி முழுசாகத் திரையில் நின்றுகொண்டிருந்தது.

சுவர், தூண், தொட்டி, கம்ப்ரஸர், நான் வரைந்த மஞ்சள் நிறப் பைப் எல்லாம் ஒரே இடத்தில். திருப்பினால் கொஞ்சம் தயங்கித் தயங்கித்தான் திரும்பியது. அந்தக் கார்டு இருந்திருந்தால் வழுக்கிக்கொண்டு போயிருக்கும். பரவாயில்லை என்று ஒவ்வொரு மூலையாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். எங்கேயும் எதுவும் இடிக்கவில்லை. கம்ப்யூட்டரும் இடிக்கவில்லை என்றே சொன்னது.

அத்தோடு மூடியிருக்கலாம். இவ்வளவு நாள் துண்டு துண்டாகப் பார்த்ததை முழுசாகப் பார்க்கிற ஆசையில், வாசல் வழியாக உள்ளே நடந்து போகிற மாதிரி, ஆள் உயரத்தில் பார்வையை வைத்துக்கொண்டு போனேன்.

அம்மோனியா டாங்கின் மெயின் வால்வு கண்ணில் படவில்லை. வரைந்தவள் நான். எந்த இடத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அங்கே புதிதாக வந்த தூண் நின்றுகொண்டிருந்தது. வால்வு அதற்குப் பின்னால் இருந்தது. இடிக்கவில்லைதான். நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. ஆனால் ஒரு மனுஷன் அதற்குள் கையை விட்டு அந்தச் சக்கரத்தைத் திருப்ப முடியாது.

கேஸ் லீக் ஆனால் முதலில் ஓடிப்போய் மூட வேண்டியது அந்த வால்வைத்தான்.

எனக்கு ஏழெட்டு வயசு இருக்கும்போது ராயபுரத்தில் நாங்கள் குடியிருந்த தெருவின் கோடியில் ஓர் ஐஸ் ஃபேக்டரி இருந்தது. ஒருநாள் அதில் கேஸ் கசிந்தது. மூக்கில் ஊசி குத்துவது போல ஒரு நெடி. அம்மா ஈரத்துணியை என் முகத்தில் பொத்தி, இடுப்பில் தூக்கிக்கொண்டு கடற்கரைப் பக்கம் ஓடினாள். தெருவே ஓடியது. உள்ளே போய் வால்வை மூடிய ஆளைப் பிறகு வெளியே கூட்டிவந்தார்கள். அவரால் கண்ணைத் திறக்க முடியவில்லை. பானைத் தண்ணீரை முகத்தில் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். நல்லவேளையாக அவர் பிழைத்தார். அவர் கை நேராக வால்வுக்குப் போனதால் பிழைத்தார்.

முனாஃப் பாய்க்கு போன் செய்தேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார் போல. நான் சொல்லச் சொல்லக் குரல் தெளிந்தது. போனில் பேசி ஆகாது, நேரில் போய்விடலாம், வண்டியை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றார்.

ஹெல்மெட்டே வால்வு

ஓனர் தயாளன் சைட்டில்தான் இருந்தார். காசிமேட்டில் போட் வைத்திருக்கிற குடும்பம். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சிமென்ட் மூட்டைகளுக்குத் தார்ப்பாய் போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் சொன்னதைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது.

"எல்லாம் முட்ச்சாச்சுன்னு பாய் சொன்னாரு. இப்ப வந்து மாத்தணும்னு சொல்லிகினு கீறீங்களே. தூண் போட்டாச்சும்மா. அத்த உடைக்க சொல்றீங்களா?"

தூண் அப்படியே இருக்கட்டும், பைப்பை மட்டும் வாசல் பக்கமாகத் திருப்பி வளைத்தால் போதும், இன்னும் வெட்டாததால் நஷ்டமும் இல்லை என்று நான் சொன்னேன். அவர் சமாதானம் ஆகவில்லை. கையை விட்டால் போகாதா, கொஞ்சம் வளைந்து போய்த் திருப்பிக்கொள்ள மாட்டானா என்றார்.

முனாஃப் பாய் வாதாடவில்லை. நான் சாக்பீஸால் தரையில் டாங்க் வருகிற இடத்தைக் கோடு போட்டேன். அவர் தன் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு தூணுக்குப் பின்னால் போய், வால்வு வருகிற உயரத்தில் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இதுதான் வால்வுண்ணே. இப்ப கேஸ் லீக் ஆயிடுச்சு. கண்ணத் திறக்க முடியாது. வந்து மூடுங்க," என்றார்.

தயாளன் சிரித்துக்கொண்டேதான் கண்ணை மூடினார். வாசலிலிருந்து கையை நீட்டிக்கொண்டு வந்தார். தோள் தூணில் மோதியது. சுற்றிக்கொண்டு கையை விட்டார். முழங்கை மாட்டியது. மறுபக்கம் வந்து விட்டுப் பார்த்தார். விரல் நுனி ஹெல்மெட்டில் பட்டது. பிடிக்க வரவில்லை. கொஞ்ச நேரம் துழாவினார். அப்புறம் கண்ணைத் திறந்தார். அந்தச் சிரிப்பு போயிருந்தது.

"உள்ள ஷிப்ட்டு நிக்கப் போறது என் மச்சான்மா," என்றார்.

தார்ப்பாயை அப்படியே விட்டுவிட்டு, பைப் வெட்ட வருகிறவருக்கு போன் போட்டு, நாளைக்கு வராதே, நான் சொல்லும்போது வந்தால் போதும் என்றார். எங்களுக்கு டீ வாங்கிவரச் சொன்னார்.

மறுநாளே பைப்பைத் திருப்பி வரைந்து, மூன்று ஃபைலையும் மறுபடி சேர்த்துத் திறந்து, ஆள் உயரத்தில் உள்ளே நடந்து பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன். வாசலில் காலை வைத்தவுடன் வால்வு தெரிந்தது.

மழைக்காலம் முடிந்தபிறகு ஃபேக்டரியை ஓட்டிப் பார்க்கக் கூப்பிட்டார்கள். தயாளனின் மச்சான் சுகுமார் எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினார். என்னைவிடக் கொஞ்சம் இளையவர், நல்ல உயரம். புது வேலையின் பெருமை முகத்தில் தெரிந்தது. கம்ப்ரஸர் சத்தத்துக்கு நடுவே ஒவ்வொன்றையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். மெயின் வால்வுக்கு முன்னால் வந்ததும், நான் கேட்காமலே சக்கரத்தைப் பிடித்து ஒரு சுற்று மூடி, ஒரு சுற்று திறந்து காட்டினார்.

"எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டேன்.

"கைக்கு வாட்டமா கீதுக்கா," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அது வேறு இடத்தில் வந்திருக்கக்கூடும் என்று தயாளன் அவரிடம் சொல்லவில்லை போல. நானும் சொல்லவில்லை. அவருக்கு அது முதலிலிருந்தே அங்கே இருக்கிற வால்வு. லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு, முதல் ஐஸ் பாளம் இறுகிவிட்டதா என்று பார்க்கத் தொட்டிப் பக்கம் போய்விட்டார். நான் இன்னும் கொஞ்ச நேரம் அந்த வாசலில் நின்றுவிட்டு வெளியே வந்தேன்.